கடைசி நிரையில் இரண்டாவது

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருடைய சாமானில் எந்தப் பழுதும் இருக்காது. ஈப்போவில் ஒரு பழைய பேரங்காடியின் முதல் மாடியில், மின்படிக்கட்டு ஓடாமல் நின்றுபோன கோடியில், இருபத்தைந்து வருடமாகக் கணினியும் கைப்பேசியும் பழுது பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மூச்சிரைக்க மேலே ஏறி வந்து ஒருவர் மடிக்கணினியை என் மேசையில் வைப்பார்.

"அண்ணே, கொம்புட்டர் ரோசாக்."

கெட்டுப்போச்சு என்பதைத்தான் இங்கே ரோசாக் என்போம். திறந்து பார்த்தால், திரையின் அடியில் இருந்த பட்டை பக்கவாட்டுக்குப் போயிருக்கும். அவ்வளவுதான்.

"உள்ள ஒன்னுமே ஆகலண்ணே. மேல இருக்கிறது எடம் மாறிப்போச்சு."

"அதான் ரோசாக்குன்னு சொன்னேன்லா."

இந்த இடத்தில் எனக்குப் பொறுமை போய்விடும். கையில் இருக்கும் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவேன். இயங்குதளம் வேறு, நாம் பார்த்துத் தொடுகிற இடைமுகம் வேறு. மின்கலத்தில் எவ்வளவு மிச்சம், எந்த வேலைக்கு எவ்வளவு நினைவகம், எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது, யார் முதலில், யார் காத்திருக்க வேண்டும் என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது இயங்குதளம். அதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. படம், பொத்தான், நிறம், விரல் வைத்தால் திறக்கிறது, இழுத்தால் நகர்கிறது, இதெல்லாம் இடைமுகம். சாப்பாட்டுக் கடையில் அடுப்படி வேறு, மேசைக்கு வந்து என்ன வேணும் என்று கேட்கிற ஆள் வேறு. ஆள் மாறினால் சாம்பார் மாறிவிடாது. இரண்டு நிறுவனங்களின் கைப்பேசிக்குள் ஓடுவது ஒரே இயங்குதளமாக இருக்கும், ஆனால் கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாததுபோல் தெரியும். இப்படியெல்லாம் சொல்வேன். கேட்பவர் தலையை ஆட்டிவிட்டு, "சரிண்ணே, பழையபடி கீழ வச்சிக் குடுத்துருங்க" என்பார்.

என் குரலில் அப்போது எகத்தாளம் இருந்திருக்கும், மறுக்கவில்லை. உள்ளே இருப்பதுதான் விஷயம், மேலே தெரிவது சும்மா என்பது என் கட்சி. வீட்டிலும் அப்படித்தான் இருந்தேன். "மனசுக்குள்ள வச்சிருந்தா எனக்கு எப்படித் தெரியும், வாயத் தொறந்து சொன்னாத்தான தெரியும்" என்று என் மனைவி அடிக்கடி சொல்வாள். எல்லாம் உள்ளே இருக்கிறதே, பிறகென்ன என்று நினைத்துக்கொள்வேன். அவள் இறந்துபோய் நான்கு வருடம் ஆகிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மூன்று அறை வீட்டில் இப்போது ஓர் அறையில்தான் விளக்குப் போடுகிறேன்.

எனக்கென்று மிச்சம் இருப்பது ஒரே ஒரு அக்கா. சுங்கை சிப்புட்டில் இருக்கிறாள். நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டத்தை அழித்துச் செம்பனை போட்டார்கள், அதிலும் பாதியை அழித்து வரிசை வீடுகளாகத் தாமான் கட்டினார்கள். அந்தத் தாமானின் கடைசி வரிசையில் ஓரவீடு அவளுடையது. அப்பா இறந்தபோது அவள் மூன்றாம் வகுப்பு, நான் கைக்குழந்தை. அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. முதலில் என்னைப் பார்த்துக்கொண்டாள், வயது வந்ததும் அம்மாவோடு ரப்பர் பாலெடுக்க மரம் சீவப் போனாள், தோட்டம் மூடியதும் கையுறைத் தொழிற்சாலைக்குப் போனாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. இப்போது மூன்று கோழிகள் வளர்க்கிறாள். நான் போகும்போதெல்லாம் அவற்றில் ஒன்று என் கார் மேல் ஏறி நின்று அசிங்கம் பண்ணும். "கோழியா வளக்கிற, ரவுடி வளக்கிற" என்று கத்துவேன். அவள் சிரித்துக்கொண்டே ஈரத்துணியோடு வருவாள்.

ஈப்போவிலிருந்து செம்மோர் வழியாகப் பழைய ரோட்டில் போனால், முன்னால் லாரி இல்லையென்றால், அரை மணி நேரம். நான் இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போவேன்.

அக்காவுக்கு எழுத்துகள் தனித்தனியாகத் தெரியும், சேர்த்து வாசிக்க வராது. ஆனாலும் அவள் கைப்பேசி வைத்திருந்தாள், என் கடைக்கு வருகிற படித்தவர்கள் பலரைவிட நன்றாகவே பயன்படுத்தினாள். எப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"இதுல என்னா இருக்கு. நிரை கணக்குதான்."

தோட்டத்தில் மரம் சீவுகிற ஒவ்வொருவருக்கும் மர வரிசைகள் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். அதைத்தான் நிரை என்போம். விடிவதற்கு முன்பே இருட்டில் இறங்க வேண்டும். நெற்றியில் கட்டிய விளக்கு வெட்டுகிற பட்டையை மட்டும்தான் காட்டும். எந்த நிரையில் எத்தனையாவது மரம் பால் அதிகம் தரும், எது காய்ந்துபோனது, எதனடியில் கட்டெறும்பு இருக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு நடந்து நடந்தே மனப்பாடம். கைப்பேசித் திரையையும் அவள் அப்படித்தான் வைத்திருந்தாள். நடு நிரையில் முதலாவது பக்திப் பாட்டு. அதற்கடுத்தது படம் எடுக்கிறது. கடைசி நிரையில் இரண்டாவது நான்.

அந்த இடத்தில் என் புகைப்படத்தை நானே வைத்துக் கொடுத்திருந்தேன். தொட்டால் நேராக எங்கள் இருவருடைய உரையாடல் திறக்கும். அங்கே மைக் படம் இருக்கும். அழுத்திப் பேசிவிட்டு விரலை எடுத்தால் குரல் எனக்கு வந்துவிடும். அவளாக என்னை அழைக்கமாட்டாள். வாடிக்கையாளரோடு இருப்பேனாம், தொந்தரவாம். சாயங்காலம் கோழிகளை அடைத்து, சாமிக்கு விளக்கேற்றிவிட்டு, ஏழு மணி வாக்கில் பேசி அனுப்புவாள். முதல் இரண்டு மூன்று விநாடி ஒன்றும் கேட்காது. பிறகு "தம்பி" என்பாள். மழை பெய்தது, குரங்கு வந்து பப்பாளியைப் பிய்த்துப் போட்டது, பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா குவே பலகாரம் கொடுத்தாள் என்று சின்னச் சின்ன விஷயம். முடிக்கும்போது எப்போதும் ஒன்றுதான். "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன். நீ சாப்பிடு." நான் "சரிக்கா" என்று ஒரு வார்த்தை பேசி அனுப்புவேன். சில நாள் அதுவும் செய்யாமல் கட்டைவிரல் படம் போடுவேன்.

சென்ற மழைக்காலத்தில் அவளுடைய கைப்பேசியின் மின்கலம் உப்பிப் பின்மூடியைத் தூக்கிவிட்டது. அப்படியே வைத்திருந்தால் ஆபத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு போய், அவள் வீட்டு மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன். படங்கள், எண்கள், பழைய குரல்கள், ஒன்றையும் விடவில்லை. எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு. நான் மாற்றிக் கொடுத்த கைப்பேசியில் ஒரு கோப்பு குறைந்தது என்று எவரும் திரும்பி வந்ததில்லை.

அவள் வாங்கிப் பார்த்தாள். விரலை நீட்டினாள், மடக்கிக்கொண்டாள்.

"இது என்னுது இல்ல தம்பி."

"ஒன்னுதுதான்க்கா. உள்ள எல்லாம் அப்படியே இருக்கு. மேல பாக்க மட்டுந்தான் வேற."

"நீ எங்க இருக்க?"

காட்டினேன். உரையாடல்கள் இருக்கும் செயலி இரண்டாவது பக்கத்தில், மேலே இருந்தது. அதைத் திறந்து, பட்டியலில் என்னைத் தேடித் தொட வேண்டும். அவள் ஒருமுறை செய்தாள், வரவில்லை. இரண்டாம் முறை ஏதோ ஒரு விளையாட்டு திறந்துகொண்டது. மூன்றாம் முறை செய்யும்போது வெளியே கார் மேல் கோழி ஏறுகிற சத்தம் கேட்டது. நான் பொறுமையிழந்தேன்.

"படிக்காத ஆளுங்களுக்கு இதான் சுசா, எல்லாமே கஷ்டம்" என்றேன்.

சொன்னதும் எனக்கே கேட்டது. யாரால் நான் படித்தேன் என்பது எனக்குத் தெரியாதா. அவள் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "சரி, நான் பாத்துக்கிறேன். நீ கெளம்பு, மழ வருது" என்றாள். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். உள்ளே நான் வருத்தப்படுகிறேன், அது அவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துக்கொண்டு காரை எடுத்தேன்.

அன்று மாலை ஏழு மணிக்கு ஒன்றும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

கோபம் என்று முடிவு செய்துவிட்டேன். இருக்க வேண்டியதுதான். ஆனால் நான்கைந்து நாள் போனதும் எனக்கும் பதிலுக்குக் கோபம் வந்தது. ஒரு வார்த்தைக்கா இவ்வளவு என்று. கடையை மூடிவிட்டு வந்து, சாப்பாட்டுப் பொட்டலத்தை மேசையில் பிரித்து, கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருவேன். ஏழு மணி தாண்டும். மைக்கை அழுத்துவேன். "அக்கா" என்று சொல்லி, மேலே வார்த்தை வராமல் விட்டுவிடுவேன். அவளே பேசட்டும் என்று ஒரு வீம்பு. அந்த நாட்களில்தான் எனக்கு ஒன்று தெரிந்தது. பகலெல்லாம் பத்துப் பேரிடம் வாய் ஓயாமல் பேசினாலும், என்னிடம் பேசுகிறவள் அவள் ஒருத்திதான். குரங்கு பப்பாளி தின்ற கதையை இனி எனக்கு யார் சொல்வார்கள். ஆனாலும் அழைக்கவில்லை.

இரண்டாம் வாரம் வியாழக்கிழமை காலையில் ஒரு கிழவர் கடைக்கு வந்தார். கைப்பேசி ரோசாக் என்றார். வாங்கிப் பார்த்தேன். ஒரு படம் இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான். வழக்கமான பாடத்தைத் தொடங்க வாயைத் திறந்தேன். "என் மவன் இங்கதான் இருந்தான்" என்று திரையின் ஒரு மூலையை விரலால் தட்டிக் காட்டினார் அவர். அதற்கு மேல் எனக்குப் பாடம் வரவில்லை. அவருடைய மகனை எடுத்து அதே மூலையில் வைத்துக் கொடுத்தேன். கடையைப் பாதி இழுத்து மூடிவிட்டு சுங்கை சிப்புட்டுக்குக் கிளம்பினேன்.

அக்கா வாசலில் நின்றாள். கோபம் இருப்பதாகத் தெரியவில்லை.

"வா. என்னா இந்த நேரத்துல? சாப்பிட்டியா?"

உள்ளே நடக்கும்போது இடது காலை இழுத்து வைத்தாள். என்ன என்று கேட்டேன். "வயசாச்சுலா" என்றாள். கோப்பி கலக்க அடுப்படிக்குப் போனாள். கைப்பேசி சாமி அலமாரியில், விளக்குக்குப் பக்கத்தில், ஒரு கைக்குட்டை மேல் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். மின்னூட்டம் முழுதாக இருந்தது. முதல் பக்கத்தில் கடைசி நிரையைப் பார்த்தேன். கடிகாரம், அடுத்து குரல்பதிவு, அடுத்து கணிப்பான். அந்த நிறுவனம் தன் சாமான்களை அப்படி வரிசையாக வைத்து அனுப்பியிருந்தது, நானும் அப்படியே விட்டிருந்தேன். கடைசி நிரையில் இரண்டாவது, மைக் படம் போட்ட குரல்பதிவு.

தொட்டேன். பதினோரு பதிவுகள் இருந்தன. எல்லாம் மாலை ஏழு மணி வாக்கில். ஒரு நாளும் விடுபடவில்லை.

நான் திட்டிவிட்டு வந்த அன்றைக்கே முதல் பதிவு இருந்தது. படத்தைத் தொட்டிருக்கிறாள், சிவப்புப் பொத்தானை அழுத்தியிருக்கிறாள், விநாடிகள் ஓடியிருக்கின்றன, பேசி முடித்ததும் மறுபடி அழுத்தியிருக்கிறாள். எனக்குப் போய்ச் சேர்ந்தது என்றுதான் அவள் நினைத்திருக்க வேண்டும். உள்ளே எல்லாம் அப்படியே இருக்கிறது என்று நான்தானே சொன்னேன்.

சத்தத்தைக் குறைத்துக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு, முந்திய நாள் பதிவைத் திறந்தேன். இரண்டு மூன்று விநாடி ஒன்றும் இல்லை. பிறகு அவள் குரல்.

"தம்பி. இன்னும் கோவமா? சரி, இருந்துட்டுப் போ. நேத்து பாத்ரூம்ல வழுக்கி விட்டுடுச்சு. ஒன்னும் ஆகல, எந்திரிச்சிட்டேன். ஆனா கொஞ்ச நேரம் அங்கயே உக்காந்திருந்தேன். யாரக் கூப்புடுறதுன்னு தெரில. பயமா இருந்துச்சுப்பா. தம்பி, நான் ஒன்கிட்ட வந்துடட்டுமா? ஒரு ரூம்பு போதும்லா. சரி. நீ சாப்பிடு."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் கேட்டது. அறுபது வயது தாண்டியவள், வாழ்நாளில் யாரிடமும் எனக்கு இது வேண்டும் என்று கேட்டதில்லை. கேட்ட ஒரு தடவையும் அது யாருக்கும் போய்ச் சேரவில்லை. நான் பதில் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டே, இன்று காலை எழுந்து கோழிக்குத் தீனி போட்டிருக்கிறாள்.

கோப்பியோடு வந்தவளிடம் சொன்னேன். "அக்கா, இது நான் இல்ல. இது வேற சாமான். நீ பேசுனது எனக்கு வரல. இதுக்குள்ளயே இருந்துடுச்சு. நான்தான் சரியா வைக்காம போயிட்டேன்."

"ஒன்னுகூட வரலயா?"

"வரல."

"ஐயோ, நான் என்னமோ நீ கோவத்துல இருக்கன்னு" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கைப்பேசியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "நீ கேட்டியா?"

"இல்லக்கா. இப்பத்தான் பாத்தேன்."

"அப்ப அழிச்சிரு. சும்மா கண்டதையும் பேசிட்டேன்."

அவள் கண்ணெதிரே பதினொன்றையும் அழித்தேன். பட்டியல் காலியாகும்வரை பக்கத்தில் நின்று பார்த்தாள். ஆனால் நான் தொழில் தெரிந்தவன். திரையில் இல்லாமல் போவது வேறு, உள்ளே இல்லாமல் போவது வேறு. சில நாளைக்கு அது ஒரு மூலையில் கிடக்கும், இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடலாம். எனக்குக் கொடுத்துவிட முட்டை பொறுக்க அவள் பின்பக்கம் போனபோது, கைப்பேசி என் கையில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. மீதிப் பத்திலும் என்ன சொல்லியிருப்பாள் என்று இன்றுவரை மனம் அடித்துக்கொள்கிறது. அது அவள் என்னிடம் சொல்ல நினைத்தது, பிறகு வேண்டாம் என்று நினைத்தது. அவ்வளவுதான் எனக்குப் பாத்தியம்.

பிறகு திரையைச் சரி செய்தோம். அவள் சொல்லச் சொல்ல நான் வைத்தேன். "மொத நிரையில ஒன்னும் வேணாம். நடுவுல பாட்டு. அதுக்குப் பக்கத்துல படம் எடுக்கிறது." கடைசி நிரையில் இரண்டாவது இடத்தில் என் புகைப்படத்தை வைத்தேன். கிளம்பும்போது, "அன்னைக்கு நான் சொன்னது தப்புக்கா" என்றேன். வாய் திறந்து சொல்ல எனக்கு இத்தனை வயது ஆகியிருந்தது. "என்னா சொன்ன? எனக்கு ஞாபகமே இல்ல" என்றாள் அவள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போனேன். அவள் கேட்டது எனக்குத் தெரியாததுபோலவே கேட்க வேண்டும். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"அக்கா, நீ என்கூட வந்து இரேன். எனக்குத் தனியா முடியல."

பொய் சொல்வதாக நினைத்துத்தான் தொடங்கினேன். சொல்லி முடித்தபோது அது பொய்யாக இல்லை. குரல் உடைந்துவிட்டது.

"எனக்கென்ன தம்பி, நான் இங்க நல்லாத்தான் இருக்கேன். நீ ஒழுங்கா சாப்பிடு, எல்லாம் சரியாப் போயிடும்."

அதற்கு மேல் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. காரைத் துடைத்துக் கொடுத்தாள். வாசலில் நின்று கையசைத்தாள். கண்ணாடியில் அவள் காலை இழுத்துக்கொண்டு உள்ளே போவது தெரிந்தது.

வீட்டுக்கு வந்து, பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். ஏழு மணிக்குக் கைப்பேசி ஒலித்தது. அக்கா. திறந்தேன். இரண்டு மூன்று விநாடி ஒன்றும் இல்லை. அன்றைக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. தூரத்தில் கோழி கேறுவது மட்டும் கேட்டது.

"தம்பி. ஒன் வீட்ல கோழி வைக்க எடம் இருக்கா?"

மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். எழுந்து போய் மற்ற இரண்டு அறைகளிலும் விளக்கைப் போட்டேன்.

"இருக்குக்கா" என்றேன். "வீடு பூரா எடந்தான்."